கேட்டது கேட்டபடி: தமிழ் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் வேலைக்கு வருகிறவர்களுக்கு

பதிவுசெய்த பேச்சைக் கேட்டு எழுத்தில் கொண்டுவருவதுதான் டிரான்ஸ்கிரிப்ஷன். தமிழ் தெரியும், டைப் அடிக்கவும் தெரியும், அப்புறம் என்ன என்று பலர் இந்த வேலைக்குள் வருகிறார்கள். அந்த இரண்டும் வேண்டும்தான். ஆனால் இதில் நிலைத்து நிற்பவர்களிடம் இன்னொன்றும் இருக்கிறது. தனக்குப் புரிந்ததை எழுதிவிடாமல், பேசியவர் வாயிலிருந்து வந்ததை மட்டும் எழுதுகிற கட்டுப்பாடு அது. புதிதாக வருகிறவர்களுக்கு மிகவும் கடினமாக இருப்பதும் அதுதான்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையில் டிரான்ஸ்கிரிப்ஷன் என்றாலே மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்றுதான் பொருள். அமெரிக்க மருத்துவர் பகலில் பேசிப் பதிவுசெய்த குறிப்புகளை, அங்கே இரவாக இருக்கும் நேரத்தில் இங்கே எழுதி அனுப்புவார்கள். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் வந்தபின் அந்த வேலையில் பெரும்பகுதி, இயந்திரம் எழுதியதைத் திருத்தும் வேலையாக மாறிவிட்டது. இன்று தமிழ்ப் பேச்சை எழுதித் தரச் சொல்லி வருகிறவர்கள் வேறு ஆட்கள்: கிராமத்தில் பேட்டி எடுத்துவந்த பிஎச்.டி. மாணவர்கள், ஆவணப்பட இயக்குநர்கள், குழு உரையாடல் நடத்தும் மார்க்கெட் ரிசர்ச் நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், வழக்கறிஞர்கள். இயந்திரங்களுக்குத் தமிழ் கற்பிக்கத் தேவைப்படும் பேச்சுத் தரவு இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 22 இந்திய மொழிகளில் பேச்சைத் திரட்டி எழுத்தாக்கும் வேலையைச் செய்து வருகிறது. கீழே சொல்வது பெரும்பாலும் பேட்டிகளை மனதில் வைத்துத்தான். அதைக் கற்றுக்கொண்டால் மற்றவற்றுக்கு மாறுவது சிரமமில்லை.

விரல்களும் கருவிகளும்

தட்டச்சிலிருந்து தொடங்குங்கள். ஆங்கில எழுத்தில் 'amma' என்பதுபோல அடித்துத் தமிழ் வரவைக்கும் முறை நான்கு வரிச் செய்திக்குப் போதும், நாற்பது பக்கத்துக்குப் போதாது. விரல் சோர்ந்துவிடும். தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்ளுங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட முறை அது. உயிரெழுத்துகள் இடது கைக்கும் மெய்கள் வலது கைக்கும் பிரிந்திருக்கும். க-வை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே வந்து 'க்க' ஆகிவிடும். ங-வும் க-வும் அடுத்தடுத்துத் தட்டினால் 'ங்க'. நாளெல்லாம் எழுதும்போது இது மிச்சப்படுத்தும் விசைகள் மிக அதிகம். இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்கள் புதிதாகக் கற்க வேண்டாம். என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருளில் பழைய டைப்ரைட்டர் அமைப்பையே தேர்ந்தெடுக்கலாம். எதில் அடித்தாலும் கோப்பு, எல்லாக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோட் முறையில் இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது குப்பை எழுத்தாகத்தான் திறக்கும்.

ஒலியை ஓட்டுவதற்கு ஓடிரான்ஸ்கிரைப் என்ற இலவச இணையக் கருவி போதும். ஒலிப்பானும் எழுதும் இடமும் ஒரே பக்கத்தில் இருக்கும், எஸ்கேப் விசையைத் தட்டினால் நிற்கும், ஓடும். ஒலிக்கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது என்பது அதன் பெரிய நன்மை. வேர்டில் எழுதுவதுதான் பழக்கம் என்றால், ஒலியை மட்டும் ஓட்டும் எக்ஸ்பிரஸ் ஸ்கிரைப் என்ற மென்பொருளைப் பாருங்கள். அதில், நிறுத்தும்போதெல்லாம் ஒலி ஓரிரு நொடி தானே பின்னால் போகும்படி வைத்துக்கொள்ளலாம். விட்ட சொல்லைப் பிடிக்க அது பெரிய உதவி. காலால் மிதித்து ஓட்டும் ஃபுட் பெடலை முதல் நாளே வாங்க வேண்டாம். வேலை தொடர்ந்து வரத் தொடங்கியதும் வாங்குங்கள்.

பணம் செலவழிக்க வேண்டிய இடம் ஹெட்போன். காதை முழுதாக மூடுகிற, ஒயர் உள்ள ஹெட்போனாக இருக்கட்டும். ப்ளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரும், நிறுத்தி நிறுத்திக் கேட்பவருக்கு அது எரிச்சல். ஒலி சரியாகக் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த வேலைக்குக் காதுதான் முதலீடு.

தொடங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

வேலை தருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, உள்ளது உள்ளபடி வேண்டுமா, திருத்திய வடிவம் வேண்டுமா என்பது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பாட்டியின் பேச்சில் காட்டுகிறேன்.

உள்ளது உள்ளபடி: "எங்க மாமியா வந்தாக... ம்... அவுக தம்பி, தம்பியும் வந்தானாம், நா பாக்கல."

திருத்தியது: "என் மாமியார் வந்தார்கள். அவர்கள் தம்பியும் வந்தானாம், நான் பார்க்கவில்லை."

மொழி ஆய்வாளருக்கும் நீதிமன்றத்துக்கும் முதலாவது வேண்டும். பத்திரிகைக்கும் பெரும்பாலான நிறுவனங்களுக்கும் இரண்டாவது போதும். நடுவில் ஒன்று உண்டு: வட்டார வழக்கை அப்படியே வைத்துக்கொண்டு, திக்கலையும் திரும்பச் சொன்னதையும் மட்டும் நீக்குவது. வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகளுக்கு எனக்குப் பிடித்தது இதுதான். பேசியவரின் குரல் எழுத்தில் இருக்கும், வாசிக்கவும் தடங்கல் இருக்காது.

அடுத்து, பேச்சில் கலக்கும் ஆங்கிலச் சொற்களை எந்த எழுத்தில் எழுதுவது, வல்லின மெய் மிகும் இடங்களில் ஒற்றுப் போடுவதா வேண்டாமா, பதிவில் அது எந்த இடம் என்று காட்டும் நேரக்குறி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, பேசுபவர் பெயரைப் போடலாமா 'பங்கேற்பாளர் 1' என்று போட வேண்டுமா, எல்லாவற்றையும் கேட்டு ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள். 'போயிருச்சு', 'போயிடுச்சு' இரண்டையும் பேசுகிறவர்கள் உண்டு. காதில் விழுந்ததைத்தான் எழுத வேண்டும். ஆனால் ஒரே ஒலியை மூன்றாம் பக்கத்தில் ஒரு விதமாகவும் முப்பதாம் பக்கத்தில் இன்னொரு விதமாகவும் எழுதிவிடாமல் அந்தத் தாள் காப்பாற்றும்.

அப்புறம், பேட்டி எந்த ஊரில் எடுத்தது, பேசுகிறவர் என்ன தொழில் செய்கிறார், பேச்சில் வரக்கூடிய ஆட்கள், ஊர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறதா என்று கேளுங்கள். இதைக் கேட்கத் தயங்கவே கூடாது. பல மணி நேரத் தேடலை அந்தப் பட்டியல் மிச்சப்படுத்தும்.

ஓட்டங்கள்

வந்த கோப்பைத் தொடாமல் தனியாக ஒரு பிரதி எடுத்துக்கொண்டு அதில்தான் வேலை செய்ய வேண்டும். வழக்குக்கான பதிவு என்றால் இது மிக முக்கியம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவோடு கொடுக்கும் சான்றிதழில் அந்தக் கோப்பின் ஹேஷ் மதிப்பை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற அடையாளக் குறியீட்டை, குறிப்பிட வேண்டும். கோப்பைத் திறந்து சத்தத்தைக் கூட்டிச் சேமித்துவிட்டால் அந்த மதிப்பு மாறிவிடும்.

முதல் ஓட்டத்தில் எழுதாமல் ஒருமுறை கேளுங்கள். முழுதாகக் கேட்க நேரமில்லை என்றால் தொடக்கத்தில் பத்து நிமிடம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம். எத்தனை பேர் பேசுகிறார்கள், யார் குரல் எது, சத்தம் எப்படி என்பது பிடிபடும். சீலிங் ஃபேன் இரைச்சல் அதிகமாக இருந்தால் ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் பிரதியைத் திறந்து தாழ்ந்த ஒலிகளை மட்டும் வடிகட்டலாம். இரைச்சல் நீக்கும் வசதியை அளவோடு பயன்படுத்துங்கள். அதிகமானால் ச, ப போன்ற மெல்ல வரும் ஒலிகளையும் சேர்த்து விழுங்கிவிடும். வாட்ஸ்அப்பில் வந்த குரல்செய்தி ஓபஸ் வடிவத்தில் இருக்கும். சில கருவிகளில் அது திறக்காது, மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது ஓட்டத்தில் எழுதுங்கள். ஒரு மூச்சில் பேசியதைக் கேட்டு, நிறுத்தி, எழுதி, மறுபடி ஓட்டி. புரியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டாம், நேரத்தைக் குறித்துவிட்டு நகருங்கள். பேசுபவரின் குரல் பழகியபின் திரும்பி வந்தால் அதில் பாதி தானே கேட்கும். மூன்றாவது ஓட்டத்தில், எழுதியதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பதிவை நிறுத்தாமல் கேட்க வேண்டும். புதியவர்கள் தவிர்ப்பது இதைத்தான். விட்டுப்போன வரிகளும், 'இல்லை' விடுபட்டுத் தலைகீழான வாக்கியங்களும் இங்கேதான் அகப்படும்.

தெளிவான பதிவு, இரண்டே பேர் என்றால் பழகியவருக்கு ஒரு மணி நேர ஒலிக்கு 4 மணி நேரம் ஆகும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. புதியவருக்கு 6 முதல் 8 மணி நேரம் ஆகலாம். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசும் குழு உரையாடலுக்கு அதையும் தாண்டும். இதை நினைத்துத் தளர வேண்டாம். யாருக்கும் அப்படித்தான் ஆகிறது.

காது ஏமாறும் இடங்கள்

பேச்சுத் தமிழில் 'வந்தா' என்று ஒன்று காதில் விழுகிறது. அது 'வந்தாள்' ஆக இருக்கலாம், ள் விழுந்துவிட்டது. 'வந்தால்' ஆகவும் இருக்கலாம். கடைசியில் லேசாக மூக்கொலி இருந்தால் 'வந்தான்'. மூன்றும் வேறு வேறு. அதே மூக்கொலிதான் 'வந்தானா?' என்ற கேள்வியையும் 'வந்தானாம்' என்ற கேள்விப்பட்ட செய்தியையும் பிரிக்கிறது. தரமில்லாத ஃபோன் பதிவில் முதலில் காணாமல் போவதும் அந்த மூக்கொலிதான்.

இதில் '-ஆம்' இருக்கிறதே, அதைத்தான் நான் எல்லாவற்றையும் விடக் கவனமாகப் பார்க்கச் சொல்வேன். "அவன்தான் கதவ ஒடச்சானாம்" என்பது ஊர் சொன்னது. "அவன்தான் கதவ ஒடச்சான்" என்பது கண்ணால் கண்ட சாட்சி. அந்த 'ஆம்' எழுத்தில் விடுபட்டுவிட்டால், கேள்விப்பட்டதைச் சொன்ன ஒருவரை நேரில் பார்த்த சாட்சியாக ஆக்கிவிடுகிறோம். திருத்திய வடிவம் கேட்டாலும் 'ஆம்' போகக் கூடாது. முன்னே கொடுத்த பாட்டியின் பேச்சிலும் திருத்தும்போது 'வந்தானாம்' அப்படியே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சந்தேகம் வந்தால் வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள். பேட்டி எடுப்பவர் அடுத்து என்ன கேட்கிறார் என்றும் பாருங்கள். "யாரு சொன்னா?" என்று கேட்டிருந்தால் அவர் காதில் 'ஆம்' விழுந்திருக்கிறது.

'ம்ம்' என்பது ஒப்புதல், 'ம்ஹூம்' என்பது மறுப்பு. இவற்றைத் திக்கல் என்று நினைத்து நீக்குகிறவர்கள் உண்டு. கேள்விக்குப் பதிலாக வந்தால் அது பதில், எழுதியே ஆக வேண்டும். 'வந்து' என்ற சொல்லையும் பார்த்து நீக்குங்கள். "அவரு வந்து ரொம்ப நல்லவரு" என்பதில் அது வெறும் இழுவை. "அவரு வந்து சொன்னாரு" என்பதில் உண்மையாகவே வந்திருக்கலாம்.

எண்களில் 'அம்பது'ம் 'எம்பது'ம் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும். 'தொண்ணூறு', 'தொள்ளாயிரம்' இரண்டிலும் இளையவர்கள் தடுமாறுவதைப் பார்க்கிறேன். பணம், நிலம், வயது வரும் ஒவ்வொரு இடத்தையும் மறுபடி கேட்டுச் சரிபாருங்கள். தஞ்சைப் பக்கத்து விவசாயி "மூணு மா" என்றால் ஏறக்குறைய ஒரு ஏக்கர் என்கிறார். குழி, மா, வேலி என்ற நில அளவுகள் தெரியாதவர் அதை 'மாமா' என்றோ 'மாடு' என்றோ எழுதிவிடுவார். ராமேஸ்வரம் பக்கம் "அறுபத்தி நாலு புயல்" என்றால் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல். முன்னோர் கதை சொல்பவர் "தாது வருஷப் பஞ்சம்" என்றால் 1876-இல் தொடங்கிய பஞ்சம். அவர் சொன்னபடியே எழுதிவிட்டு, ஆண்டைத் தனிக் குறிப்பில் தாருங்கள். ஊர்ப்பெயரும் அப்படித்தான். மயிலாடுதுறை என்று 1982-இல் பெயர் மாறியிருந்தாலும், பேசுகிறவர் 'மாயவரம்' என்றால் மாயவரம்தான்.

ல, ள, ழ மூன்றையும் ஒன்றாகப் பேசுகிறவர்களின் பதிவில் பொருளைப் பார்த்துத்தான் எழுத முடியும். கடற்கரைப் பேட்டியில் 'வாள' என்று கேட்டால், அது பழம் தரும் வாழையா, வலையில் வரும் வாளை மீனா? அதே மீனவர் 'கச்சான்' என்றால் அது மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. இலங்கைத் தமிழர் 'கச்சான்' என்றால் பெரும்பாலும் வேர்க்கடலை. யாழ்ப்பாணப் பேச்சை எழுத வரும் தமிழகத்துக்காரர்கள் 'பேந்து' என்றால் பிறகு, 'ஓம்' என்றால் ஆம் என்பதையாவது தெரிந்துகொண்டு உட்கார வேண்டும். 'உவன்', 'உது' என்று வருபவை பிழையல்ல, அங்கே அந்தச் சுட்டு இன்னும் பேச்சில் இருக்கிறது. 'ஓம்' என்பதை 'ஆமாம்' என்று மாற்றவும் கூடாது. மதுரை 'வந்தாய்ங்க', நெல்லை 'வந்தாவ', கொங்கு 'ஏனுங்க' எதையும் சென்னைத் தமிழாக்க நமக்கு உரிமை இல்லை. தெரியாத வட்டாரம் வந்தால் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லை மட்டும் கேளுங்கள், ஒலியைப் போட்டுக் காட்டாதீர்கள்.

தமிழ்ப் பேச்சை நேராக ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்பவர்களும் உண்டு. அங்கே 'அவங்க வந்தாங்க' பெரிய சிக்கல். ஒருவரா பலரா, ஆணா பெண்ணா என்று தமிழ் சொல்லவில்லை, ஆங்கிலம் கேட்கிறது. முன்பின் பேச்சில் விடை இல்லையென்றால் ஊகிக்காமல் குறிப்புப் போடுங்கள்.

கேட்காத இடம்

சதுர அடைப்புக்குறிக்குள் [கேட்கவில்லை 00:14:32] என்று எழுதுவது தோல்வி இல்லை. உங்கள் எழுத்தை நம்பலாம் என்பதற்கு அதுதான் அடையாளம். ஓரளவு கேட்டால் [மருதமுத்து? 00:21:05] என்று கேள்விக்குறியோடு. [சிரிக்கிறார்], [அழுகிறார்], [நீண்ட மௌனம்] போன்றவற்றை அளவோடு போடுங்கள். ஒரு கேள்விக்குப் பின் பத்து நொடி மௌனம் இருந்தால் அது ஆய்வாளருக்குத் தேவைப்படும். ஒவ்வொரு இருமலும் தேவையில்லை. பேச்சை நிரப்பி அழகாக்குவதுதான் ஆபத்து. வாக்கியம் முடியாமல் நின்றால் மூன்று புள்ளி வைத்து நிறுத்துங்கள், நீங்கள் முடித்துவைக்க வேண்டாம்.

இயந்திரம் எழுதும் முதல் வடிவம்

ஓபன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் என்ற பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள், தமிழையும் எழுதும். செய்தி வாசிப்பு போன்ற தெளிவான பேச்சில் நேரம் மிச்சமாகும். ஆனால் பேச்சு வழக்கை எழுத்துத் தமிழாக மாற்றிவிடும் போக்கு அதற்கு உண்டு, வட்டார வழக்கில் தடுமாறும். மௌனமான இடங்களில் யாரும் பேசாத வாக்கியத்தைத் தானே எழுதியும் வைக்கும். வாசிக்க அது சரளமாகவே இருக்கும் என்பதால் பிழை கண்ணில் படாது. ஆகவே இயந்திரம் எழுதியதைக் கண்ணால் மட்டும் திருத்தாதீர்கள், ஒலியோடு வைத்துத் திருத்துங்கள். முதல் சில மாதங்கள் இயந்திரமே இல்லாமல் எழுதிப் பழகுவது நல்லது என்பது என் கருத்து. காது பழகும் முன் திருத்த உட்கார்ந்தால், அது எழுதியதே நமக்கும் கேட்கத் தொடங்கிவிடும்.

இன்னொரு வழி: பதிவை ஹெட்போனில் கேட்டு, அதையே நீங்கள் தெளிவாகத் திருப்பிச் சொல்லி, கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சில் எழுத வைப்பது. விரல் வலி உள்ளவர்களுக்கு ஏற்றது. வேலை தருபவரின் அனுமதி இல்லாமல் எந்தப் பதிவையும் இணையத்தில் ஏற்றும் கருவிகளில் போடக் கூடாது, கோப்பை மாற்றித் தரும் இலவசத் தளங்களிலும்தான். திருப்பிச் சொல்லும்போதும் உங்கள் குரல் வழியாக அதே செய்தி இணையத்துக்குப் போகிறது, அதற்கும் கேளுங்கள்.

ரகசியம்

சாதி வன்முறையில் குடும்பத்தை இழந்தவர், வீட்டுக்குள் அடி வாங்கியவர், நோயை வெளியே சொல்லாதவர் பேசுவதெல்லாம் உங்கள் காதுக்கு வரும். அவர்கள் பேட்டி எடுத்தவரை நம்பிப் பேசினார்கள், உங்களை அவர்களுக்குத் தெரியாது. வீட்டில் ஸ்பீக்கரில் ஓட்டாதீர்கள். கணினிக்குக் கடவுச்சொல் இருக்கட்டும். பெயரை மறைக்கச் சொல்லியிருந்தால், எந்தப் பெயருக்கு எந்த மாற்றுப்பெயர் என்ற பட்டியலைத் தனிக் கோப்பில் வைத்துத் தனியாக அனுப்புங்கள். பெயரை மாற்றிவிட்டு ஊரையும் தொழிலையும் விட்டுவைத்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதையும் வேலை தருபவருக்குச் சொல்லுங்கள். வேலை முடிந்து அவர் சரி என்றதும் ஒலியையும் எழுத்தையும் அழித்துவிட்டு, அழித்ததைத் தெரிவியுங்கள். கனமான பேட்டிகளை அடுத்தடுத்து எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு வரியையும் மூன்று நான்கு முறை கேட்கிறோம், அது மனதில் தங்கும். இடையில் வேறு வகை வேலையைச் செய்யுங்கள்.

வேலையும் கூலியும்

பயிற்சிக்கு ஆகாசவாணிச் செய்தியில் தொடங்கி, மேடைப் பேச்சு, இருவர் பேட்டி, கடைசியாக நான்கு பேர் விவாதம் என்று ஏறுங்கள். உங்கள் ஊர்ப் பேச்சு இல்லாத பதிவுகளையும் எடுங்கள். எழுதிய ஐந்து நிமிடத்தை ஒரு நண்பரிடம் கொடுத்து ஒலியோடு ஒப்பிட்டுப் பிழை எண்ணச் சொல்லுங்கள். நம் பிழை நம் காதுக்குத் தெரியாது. பிறகு பல்கலைக்கழக ஆய்வாளர்களையும் ஆவணப்படக் குழுக்களையும் நேரடியாக அணுகுங்கள். பொது இடத்தில் கிடைக்கும் ஒரு பேட்டியின் இரண்டு பக்கத்தை மாதிரியாக வைத்திருங்கள். வேறொருவருக்குச் செய்த வேலையை மாதிரியாகக் காட்டக் கூடாது.

கூலியைப் பெரும்பாலும் ஒலியின் நிமிடக் கணக்கில் பேசுவார்கள், நீங்கள் உழைக்கும் நேரத்துக்கு அல்ல. ஒப்புக்கொள்ளும் முன் ஐந்து நிமிட ஒலியை வாங்கி எழுதிப் பாருங்கள். அதற்கு 40 நிமிடம் ஆனால், 60 நிமிட ஒலிக்கு 8 மணி நேரம். சொல்லும் தொகையை எட்டால் வகுத்தால் உங்கள் ஒரு மணி நேரத்துக்கு என்ன கிடைக்கிறது என்று தெரிந்துவிடும். இரைச்சல், குழு உரையாடல், உள்ளது உள்ளபடி எழுதுவது, அவசரம் இவற்றுக்குக் கூடுதல் கேட்பது நியாயம்தான். புதியவர் என்பதற்காக மூன்றாவது ஓட்டத்துக்கான நேரத்தைக் கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

வீட்டிலிருந்தே டைப் செய்து சம்பாதிக்கலாம் என்ற விளம்பரங்களில் பதிவுக் கட்டணம், டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று முதலில் பணம் கேட்டால் விலகிவிடுங்கள். வேலை தருகிறவர்தான் பணம் தர வேண்டும். வேலையை முடித்து அனுப்பியபின் பிழை அதிகம் என்று சொல்லி அபராதம் கட்டச் சொல்வதும், கட்டாவிட்டால் வழக்கு என்று மிரட்டுவதும் இந்த மோசடியின் அடுத்த கட்டம். பயந்து கட்டாதீர்கள். பேசியவற்றையும் அனுப்பிய செய்திகளையும் எடுத்து வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் கொடுங்கள்.